சீற்றுக்குப் பின்னால் ஒரு எஞ்சின்

இது கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள். வீட்டில் கராஜ் பக்கம் ஓடித் திரியும் பிள்ளை இருந்தால் அவருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

போன தவணையில் தரம் 10 மாணவன் ஒருவனின் கணிதக் கொப்பியைத் திருத்திக்கொண்டிருந்தோம். கடைசிப் பக்கத்தில் ஒரு கார் படம். இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய, தரையோடு ஒட்டிய கார். எஞ்சினை முன்னால் வரையாமல், சீற்றுக்குப் பின்னாலும் பின்சில்லுக்கு முன்னாலுமாக ஒரு பெட்டியாக வரைந்து வைத்திருந்தான். கூப்பிட்டுக் கேட்டோம்.

"சேர், எங்கட பட்டாவில எஞ்சின் சீற்றுக்குக் கீழதானே இருக்கு. அதை இன்னும் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினா என்ன?" என்றான்.

அன்றைக்கு எங்களிடம் ஒழுங்கான பதில் இருக்கவில்லை. தேடிப் பார்த்துச் சொல்கிறோம் என்று அனுப்பிவிட்டோம். அதே கிழமை அவனுடைய வாப்பாவும் வந்தார். "சேர், இவன் பள்ளிக்கூடம் விட்டா கராஜிலதான் நிக்கிறான். உடுப்பெல்லாம் கிறீஸ். படிக்கிற வயசில இதென்ன புத்தி? நீங்க சொன்னா கேப்பான்" என்றார். அவருக்கும் யோசித்துச் சொல்கிறோம் என்றோம். இரண்டு பேருக்கும் கொடுத்த வாக்குத்தான் இந்தப் பதிவு.

முதலில் மகனின் கேள்வி. நம்மில் பலர் சைக்கிளில் அரிசி மூட்டை ஏற்றியவர்கள். மூட்டையைப் பின் கரியரில் வைத்தால் முன்சில்லு இலேசாகிவிடும், ஹாண்டில் ஆடும். அதே மூட்டையைப் பாருக்குக் கீழே, பெடலுக்குப் பக்கமாகச் செருகினால் சைக்கிள் சொன்னபடி கேட்கும். இன்னொன்றும் செய்து பார்க்கலாம். இரண்டு கையிலும் தண்ணீர் வாளியைப் பிடித்து, கைகளை அகல விரித்தபடி சட்டென்று திரும்புங்கள். பிறகு வாளிகளை உடம்போடு அணைத்துக்கொண்டு திரும்புங்கள். பாரம் நடுவுக்கு வரவர, திரும்புவதும் நிற்பதும் சுலபம். காரில் ஆகப் பெரிய பாரங்களில் ஒன்று எஞ்சின். அதை இரண்டு அச்சுகளுக்கும் நடுவே, ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் வைத்தால் வளைவுகளில் கார் கைக்கு அடங்கி ஓடும். மாணவன் வரைந்தது இதைத்தான். இதற்கு நடு எஞ்சின் கார் என்று பெயர். குறையும் உண்டு. சாமான் வைக்க இடம் குறைவு, காதோரம் இரைச்சல், பின்பக்கம் ஒருமுறை வழுக்கினால் கார் சட்டென்று சுழன்றுவிடும்.

இந்த யோசனை பழையது. ஜெர்மனியின் ஓட்டோ யூனியன் பந்தயக் கார்களில் 1934 இலேயே எஞ்சின் ஓட்டுநருக்குப் பின்னால் இருந்தது. ஆனால் அவை பெரும் பணம் கொட்டிச் செய்யப்பட்டவை. ஏழை வீட்டுக் கதை போருக்குப் பிறகு இங்கிலாந்தில் தொடங்குகிறது.

இலண்டனுக்குத் தெற்கே சேர்பிற்றன் என்ற இடத்தில் சார்ள்ஸ் கூப்பர், ஜோன் கூப்பர் என்ற தகப்பனும் மகனும் ஒரு கராஜ் வைத்திருந்தார்கள். 1946 இல் இங்கிலாந்தில் பெற்றோலுக்குப் பங்கீட்டு அட்டை. புதுச் சாமான்களுக்குத் தட்டுப்பாடு. மகனுக்கோ பந்தயக் கார் செய்ய ஆசை. இரண்டு பழைய பியட் டொபொலினோ கார்களின் முன்பாகங்களை எடுத்து, ஒன்றை முன்னாலும் மற்றதைப் பின்னாலும் பொருத்தினார்கள். எஞ்சினுக்கு 500 சீசீ மோட்டார் சைக்கிள் எஞ்சின் ஒன்று கிடைத்தது. மோட்டார் சைக்கிள் எஞ்சின் செயினால் பின்சில்லை இழுக்கும். செயினை நீளமாக இழுக்காமல் இருக்க, எஞ்சினைப் பின்சில்லுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டார்கள். கையில் இருந்த சாமானுக்கு ஏற்ற இடம் அதுதான்.

அந்த வசதிக்காகச் செய்த ஏற்பாடு பந்தய உலகத்தையே திருப்பிப்போட்டது. 1958 இல் ஆர்ஜென்டீனா பந்தயத்தில் ஸ்டேர்லிங் மொஸ், தன்னை விடப் பெரிய எஞ்சின் கொண்ட கார்களை ஒரு சிறிய கூப்பர் காரில் வென்றார். உலகக் கிண்ணப் பந்தயம் ஒன்றை எஞ்சின் பின்னால் இருந்த கார் வென்றது அதுவே முதல்முறை. 1959, 1960 ஆகிய இரண்டு வருடமும் ஜக் பிரபம் கூப்பர் காரில் உலகச் சம்பியன். மாடு வண்டிக்கு முன்னால்தான் போகவேண்டும் என்று பிடிவாதமாக இருந்தவர் என்று இத்தாலியின் என்சோ ஃபெராரியைச் சொல்வார்கள். 1961 இல் அவருடைய கார்களிலும் எஞ்சின் பின்னால் போய்விட்டது.

பந்தயத்தில் வென்றது தெருவுக்கு வர வேண்டுமே. 1962 இல் பிரான்ஸில் ரெனே பொனே என்பவர் 'ஜெற்' என்ற காரைக் கொண்டுவந்தார். கடையில் வாங்கித் தெருவில் ஓடக்கூடிய முதல் நடு எஞ்சின் கார் அதுதான் என்பார்கள். எஞ்சின் சாதாரண ரெனோ காருடையது. பிறகு மாத்ரா நிறுவனம் அதைத் தொடர்ந்து செய்தது. 1965 இல் விண்வெளி வீரர் யூரி ககாரினுக்குப் பிரான்ஸ் பரிசாகக் கொடுத்தது இந்தக் காரைத்தான்.

1966 இல் இரண்டு கார்கள். இத்தாலியில் லம்போகினி மியூரா: பன்னிரண்டு சிலிண்டர், பெரும் பணக்காரருக்கு. இங்கிலாந்தில் லோட்டஸ் யூரோப்பா: நான்கு சிலிண்டர், ரெனோ 16 என்ற குடும்பக் காரின் எஞ்சின். இரண்டாவதன் கதை எங்களுக்குப் பிடித்தது. ரெனோ 16 இல் எஞ்சின் முன்சில்லுகளை ஓட்டும். அந்த எஞ்சினையும் கியர் பொக்ஸையும் ஒன்றாகக் கழற்றி, அப்படியே திருப்பிச் சீற்றுக்குப் பின்னால் வைத்தார்கள். திருப்பி வைத்தால் என்ன நடக்கும்? நான்கு கியரும் பின்னோக்கி ஓடும், றிவேர்ஸ் மட்டும் முன்னே போகும்! அதனால் உள்ளே இருக்கும் பல்சக்கரத்தை மற்றப் பக்கத்துக்கு மாற்றிப் பூட்டினார்கள். பிரச்சினை தீர்ந்தது.

இதுதான் மலிவு விலை நடு எஞ்சின் கார்களின் முழு இரகசியமும். முன்சில்லு இழுக்கும் சாதாரணக் காரில் எஞ்சின், கியர் பொக்ஸ், அச்சு எல்லாம் ஒரே மூட்டையாக இருக்கும். இலட்சக்கணக்கில் செய்வதால் அது மலிவு. அந்த மூட்டையை முன்னாலிருந்து தூக்கிப் பின்னால் வைத்தால் புது எஞ்சின் செய்யும் செலவு இல்லை.

பியட் நிறுவனம் இதை ஒழுங்காகச் செய்து காட்டியது. வீட்டுக் காரான பியட் 128 இன் 1,290 சீசீ எஞ்சின் மூட்டையை எடுத்துச் சீற்றுக்குப் பின்னால் வைத்து, 1972 இல் எக்ஸ்1/9 என்ற காரை வெளியிட்டார்கள். உடலை வரைந்தவர் மார்செல்லோ கண்டினி. பணக்காரருக்கு மியூராவை வரைந்த அதே கை! அந்தக் கார் 1989 வரை ஓடியது. அதற்கு முன்னரே, 1969 இல், போர்ஷேயும் வொக்ஸ்வாகனும் சேர்ந்து 914 என்ற காரைக் கொண்டுவந்தன. எஞ்சின் வொக்ஸ்வாகன் குடும்பக் காருடையது, 1.7 லீற்றர், 80 குதிரைவலு. போர்ஷே அல்ல என்று முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். ஆனாலும் 1976 வரை 115,000 இற்கு மேற்பட்ட கார்கள் செய்யப்பட்டன.

எல்லோருக்கும் சரிவரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் பொண்டியாக் ஃபியரோ 1984 மொடலாக வந்தது. அங்கும் இங்குமாக மற்றக் கார்களின் பாகங்களைச் சேர்த்துச் செய்த கார். அமோக விற்பனை. ஆனால் முதல் வருடக் கார்களில் எஞ்சின் தீப்பிடிக்கத் தொடங்கியது. எஞ்சின் எண்ணெய் கொள்ளும் அளவு குறைவு, உள்ளே தண்டுகள் முறிந்தன, எண்ணெய் சூடான குழாயில் கொட்டியது. திருத்தித் திருத்தி 1988 இல் புதிய சஸ்பென்சன் போட்டு நல்ல காராக்கினார்கள். அதே வருடம் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். அதற்குள் 370,000 கார்கள் தெருவில். ஒன்றை எடுத்து இன்னொன்றில் பூட்டுவது மட்டும் போதாது, பூட்டிய பிறகு அது எப்படி நடந்துகொள்ளும் என்று கணக்குப் பார்க்க வேண்டும். மாணவன் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும்.

கணக்குப் பார்த்தவர்கள் ஜப்பானியர். 1984 இல் ரொயோட்டா எம்ஆர்2 வந்தது. நம் ஊரில் கொரோலா தெரியாதவர் இல்லை. அந்தக் கொரோலா குடும்பத்தின் 1.6 லீற்றர் எஞ்சின்தான் எம்ஆர்2 இன் சீற்றுக்குப் பின்னால் இருந்தது. நம்பி ஓட்டலாம், எங்கும் திருத்தலாம்.

இந்த வழி நமக்குப் பக்கத்திலும் வந்தது. கோயம்புத்தூரில் எஸ். கரிவரதன் என்றொருவர். பந்தய வீரர், கார் செய்பவர். வெளிநாட்டுப் பந்தயக் காரை இறக்குமதி செய்ய இளைஞர்களிடம் பணம் இருக்காது என்று கண்டு, 1980களின் கடைசியில் மாருதி 800 இன் எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்து ஒற்றை ஆசனப் பந்தயக் காரைச் செய்தார். ஃபோர்முலா மாருதி என்று பெயர். மூன்று சிலிண்டர், 796 சீசீ. நம்மூர்க் குறுக்கு ஒழுங்கைகளில் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிய அதே மாருதி எஞ்சின். ஸ்ரீபெரும்புதூர் ஓடுபாதையில் அந்தக் காரில் பந்தயத்தைத் தொடங்கிய கோயம்புத்தூர்ப் பையன் நரேன் கார்த்திகேயன், 2005 இல் ஃபோர்முலா வண் போட்டியில் ஓடிய முதல் இந்தியரானார். கரிவரதன் அதைப் பார்க்க இருக்கவில்லை. 1995 இல் விமான விபத்தில் இறந்துவிட்டார். கோயம்புத்தூரில் உள்ள பந்தயத் திடலுக்கு இன்று அவர் பெயர்.

1991 இல் ஹொண்டா 'பீற்' என்ற சின்னஞ்சிறு நடு எஞ்சின் காரை வெளியிட்டது. 656 சீசீ, 64 குதிரைவலு. அந்த எஞ்சின் குடும்பம் ஹொண்டாவின் சின்ன லொறியிலும் இருந்தது. பட்டாவைப் பார்த்துக் கார் வரைந்த நம் மாணவன் பிழையாக யோசிக்கவில்லை.

அந்த 1991 இல் யாழ்ப்பாணத்தில் பெற்றோலே இல்லை.

இனி வருவது நாங்கள் நேரில் கண்டதல்ல. 1990 ஒக்டோபர் 30 அன்று இரண்டு மணி நேரத்தில் யாழ்ப்பாண முஸ்லிம்கள் எல்லோரும் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டோம். சோனகதெருவில் பழைய இரும்புக் கடை, ஹாட்வெயார், லொறி என்று இருந்த குடும்பங்கள் வெறுங்கையோடு புத்தளம் போய்ச் சேர்ந்தன. எங்கள் வாப்பாவின் ஸ்பனர் பெட்டி இங்கேயே நின்றுவிட்டது. பொருளாதாரத் தடைக்காலத்தில் இங்கு நடந்ததை, திரும்பி வந்த பிறகு அயலில் இருந்த தமிழ் மெக்கானிக்மார் சொல்லித்தான் அறிந்தோம். ஒரு பிளேன்ரீயோடு மணிக்கணக்காகச் சொல்வார்கள்.

தடை வந்தபோது புது ஜப்பான் கார்கள் ஷெட்டுக்குள் படுத்துவிட்டன. ஓடியவை ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் போன்ற கிழட்டுக் கார்கள். காரணம் விஞ்ஞானம்தான். ஏ40 இன் எஞ்சின் 1,200 சீசீ. அது காற்றையும் எரிபொருளையும் ஏழு பங்கு அளவுக்குத்தான் அமுக்கும். புதுக் கார்கள் ஒன்பது பங்குக்கும் மேல் அமுக்கும். அவ்வளவு அமுக்கினால் மண்ணெண்ணெய் நேரத்துக்கு முன் வெடித்து எஞ்சினைத் தட்டும். ஏழு பங்கு என்றால் தாங்கும். ஆனால் குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. அதனால் சின்னப் பிளாஸ்ரிக் போத்தலில் சேமித்த கொஞ்சப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் பீச்சி ஸ்டார்ட் செய்வார்கள். எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பின்னால் வெள்ளைப் புகை, கண்ணெல்லாம் எரியும், ஆனால் கார் ஓடும். கர்ப்பிணிகளையும் காயப்பட்டவர்களையும் அந்தக் கார்கள்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயின.

இந்த முறை ஆகாயத்திலிருந்து விழவில்லை. நம் தோட்டங்களில் மண்ணெண்ணெய் வோட்டர் பம் அப்படித்தான் ஓடியது: பெற்றோலில் ஸ்டார்ட், பிறகு மண்ணெண்ணெய். போருக்குப் பிந்திய இங்கிலாந்திலும் பேகசன் ரக்ரர்களில் ஒரு வகையை அப்படியே செய்து விற்றார்கள். தோட்டத்து பம்மில் இருந்த அறிவைத் தூக்கிக் கார் பொனற்றுக்குள் வைத்தார்கள் யாழ்ப்பாணத்து மெக்கானிக்மார். கூப்பரும் மகனும் சேர்பிற்றனில் செய்ததும் இதே வேலைதான். எது இல்லை என்று அழாமல், எது இருக்கிறது, அதை எங்கே மாற்றி வைக்கலாம் என்று பார்த்தார்கள்.

ஒரு வித்தியாசம் மட்டும். கூப்பரின் கார் இன்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர் பெயரில் மினி கூப்பர் இன்றும் விற்கிறது. நம்மவர்களின் கைவேலையை யாரும் எழுதி வைக்கவில்லை. ஏ9 பாதை திறந்து புது வாகனங்கள் வந்ததும், பல ஏ40கள் பழைய இரும்பாக நிறுத்துப் போயின. மிச்சமானவை சில கலியாண ஊர்வலத்துக்கு ஓடுகின்றன. அதைத் திருத்திய கைகள் ஒவ்வொன்றாக மண்ணுக்குள் போய்க்கொண்டிருக்கின்றன. நம் சமூகத்திலோ இழப்பு இரண்டு மடங்கு. இங்கே இருந்த கராஜும் போனது, வாப்பாவிடமிருந்து மகன் பழகும் தொடர்ச்சியும் போனது. திரும்பி வந்த பிள்ளைகளில் ஒருவன் இன்றைக்குத் தானாகவே கராஜ் வாசலில் போய் நிற்கிறான் என்றால், அவனை விரட்டுவதற்கு முன் நாம் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இனி அந்த வாப்பாவுக்கான பதில்.

உங்கள் கவலை நியாயமானது. கராஜ் என்றால் படிப்பு வராதவன் போகும் இடம் என்றுதான் நாம் எல்லோரும் சொல்லிப் பழகிவிட்டோம். ஆசிரியர்களாகிய நாங்களும் வகுப்பில் அப்படிச் சொன்னதுண்டு. "படிக்காட்டிக் கராஜுக்குத்தான் போவாய்" என்று பயமுறுத்தியதுண்டு. அந்தச் சொல்லை இந்தப் பதிவோடு திரும்பப் பெறுகிறோம். எஞ்சினை எங்கே வைப்பது என்பது கணிதமும் பௌதிகமும். பாரமையம், திருப்பம் எல்லாம் நாங்கள் கரும்பலகையில் எழுதுவதுதான். அதை இந்தப் பிள்ளை ஒரு பட்டாவைப் பார்த்துத் தானாகக் கண்டிருக்கிறான்.

அதற்காகப் படிப்பை விட்டுவிடச் சொல்லவில்லை. சாதாரண தரம் கட்டாயம் எடுக்கட்டும். கணிதத்தில் நல்ல பெறுபேறு வேண்டும். உயர்தரத்தில் 2013 முதல் தொழில்நுட்பப் பிரிவு இருக்கிறது, அதில் பொறியியல் தொழில்நுட்பம் ஒரு பாடம். கிளிநொச்சி அறிவியல் நகரில் ஜேர்மன் உதவியோடு கட்டிய தொழிற்பயிற்சி நிறுவகத்தில் வாகனத் தொழில்நுட்பம் படிக்கலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், தொழில்நுட்ப பீடங்களும் அதே அறிவியல் நகரில்தான். பள்ளிக்கூட நாளில் பள்ளிக்கூடம், சனிக்கிழமை கராஜ் என்று ஒரு ஒழுங்கு வைத்துக்கொள்வோம். கராஜ்காரரோடும் நாங்கள் பேசுகிறோம்.

மகனுக்கு இரண்டு சொல். ஒன்று, நீ வரைந்த படத்தில் எஞ்சின் சரியான இடத்தில் இருக்கிறது. ஆனால் காற்று எங்கால் வரும், சூடு எங்கால் போகும் என்று வரையவில்லை. ஃபியரோ எரிந்ததை நினைத்துக்கொள். அடுத்த தவணைக்கு அதைக் கணக்கோடு கொண்டு வா. இரண்டு, எஞ்சினை நடுவில் வைத்தது வளைவில் கார் அடங்கி நிற்க. இங்கே காங்கேசன்துறை வீதியில் மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டு போய், வீட்டுக்குத் திரும்பாத பிள்ளைகளின் ஜனாஸாவுக்கும் செத்த வீட்டுக்கும் போய் வந்த ஆசிரியர்கள் நாங்கள். உனக்குக் கார் பிடிக்கும் என்றால் முதலில் பிரேக்கைப் படி.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் ஏ40, மொறிஸ் மைனர் நின்ற பழைய படம் இருந்தால் அனுப்புங்கள். தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டியவர்கள், திருத்தியவர்கள் இன்னும் இருந்தால் சொல்லுங்கள். 1990 இற்கு முன் நம் தெருக்களில் கராஜோ லொறியோ வைத்திருந்தவர்களின் பிள்ளைகள், இன்று புத்தளத்தில் இருந்தாலும், எழுதுங்கள். மாணவர்களைக் கொப்பியும் பேனையுமாக அனுப்பி எழுதி எடுப்போம். முதல் ஆளாக அனுப்பப்போவது அந்தப் பையனைத்தான். வாப்பா சம்மதித்துவிட்டார், சனிக்கிழமைக்கு மட்டும்.

பிழை இருந்தால் சுட்டிக்காட்டுங்கள், திருத்திக்கொள்கிறோம்.